அந்நியக் குரல்

"இன்னைக்கும் தலைக்குக் குளிச்சாச்சா? யாருடா அவ?" என்றாள் அக்கா.

அவன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். ஷாம்பூ போட்டுக் குளித்தான். எண்ணெய் தடவவில்லை. நீலச் சட்டையை மாட்டிக்கொண்டான். வியாழக்கிழமை என்றால் இதேதான்.

"யாருமில்லக்கா. பல்கலைக்கழகத்துல மூளை ஆராய்ச்சி. எண்ணெய்த் தலைன்னா சேர்க்க மாட்டாங்க."

"மூளையா? உனக்கா? அவங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" வாசல்வரை வந்தாள். "மறுபடி ஒரு பொண்ணைப் பார்க்கப் போறவன் பட்டனையாவது ஒழுங்காப் போடு. ஒண்ணு தள்ளிப் போட்டிருக்க பாரு."

அவன் அதற்குள் படியிறங்கியிருந்தான்.

ஆய்வகத்தில், ஆராய்ச்சி மாணவி ஓட்டை ஓட்டையாக இருந்த துணிக் குல்லாவை அவன் தலையில் மாட்டினாள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசியில்லாத சிரிஞ்சால் பசை விட்டாள். கத்தியில்லை, வலியில்லை. காதில் ஒரு பெண் குரல் ஏதாவது சொல்லும். மூளையின் அலை திரையில் கோடாக ஓடும். அவ்வளவுதான்.

"சார், ஒரு சிக்கல். முன்பின் தெரியாத குரலைக் கேட்டா மூளை என்ன பண்ணுதுன்னுதான் பார்க்கறோம். 'கதவு திறந்திருக்கிறது', 'மழை பெய்கிறது'... இதுக்கெல்லாம் மத்தவங்க கோடு தூங்கி வழியுது. உங்களுது மட்டும் குதியாட்டம் போடுது. மேடம் உங்களை எடுத்துடச் சொல்லிட்டாங்க."

"வேண்டாங்க. அசையாம உட்கார்றேன்."

"போன வாரமும் சிலை மாதிரிதான் உட்கார்ந்தீங்க. குதிக்கறது உள்ள."

"வேற குல்லா மாட்டிப் பாருங்க."

"இது நாலாவது குல்லா சார்!"

"இன்னும் ஒரே ஒரு தடவை. ப்ளீஸ்."

அவள் பெருமூச்சு விட்டாள். "குரல் கொடுத்த அந்தக்காகிட்டயே புதுசா நாலு வரி பேசி வாங்கலாம்னா, அவங்களும் இல்ல. இங்க பதிவு முடிச்சுட்டு வீட்டுக்குப் போற வழியில விபத்து. பாவம்."

அவள் கணினியில் துழாவினாள்.

"இருங்க, பதிவோட கடைசியில ஒரு வால் இருக்கு. மைக்கை அணைக்கறதுக்குள்ள ஏதோ பேசியிருக்காங்க. யாருக்கும் போட்டதில்ல. இதுக்குக் கோடு அடங்கிக் கிடந்தா நீங்க தொடர்ந்து வரலாம். குதிச்சா, குல்லாவைக் கழட்டிட்டு டாட்டா. சரியா?"

தலையாட்டினான்.

"தலையை ஆட்டாதீங்க! பல்லையும் கடிக்காதீங்க, அதுவும் கோட்டுல தெரியும்."

கண்ணை மூடினான். மூச்சைச் சீராக்கினான். அடங்கிக் கிட, அடங்கிக் கிட என்று உள்ளே சொல்லிக்கொண்டான்.

காதில் முதலில் ஒரு சிரிப்பு. பிறகு அந்தக் குரல்:

"முடிஞ்சுதா? அப்ப நான் கிளம்பறேன். கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் சட்டைப் பட்டனை ஒண்ணு தள்ளித்தான் போடத் தெரியும். நான் போய்த்தான் சரிபண்ணணும்."