அதிகாரிக்குக் கிடைத்த ஏச்சு

“வாடா, எங்க வீட்டு அடிமையே! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

ஜீப்பிலிருந்து இறங்கிய எல்லை அதிகாரி அயாம்காவைப் பார்த்து ஊரில் கள் விற்கும் பெர்பெத்துவா இப்படிக் கத்தியதும், நர்ஸ் மான்சா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இக்கரையில் அமையப்போகும் புது மாவட்டத்தில் இந்த ஊரைச் சேர்த்தால் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வந்துவிடும். பழையபடி அக்கரையோடு விட்டுவிட்டால், மழைக்காலத்தில் ஆறு வழிவிடாது. தெற்கே கடலோரத்திலிருந்து வேலைக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே, வலி எடுத்த ஒரு பெண்ணைக் கரையில் கிடத்திக்கொண்டு, வெள்ளம் வடியும்வரை ஜெபித்தவள் மான்சா.

“அக்கா, சும்மா இருங்களேன். கோடு போடுறவரே அவர்தான்!”

“போடட்டுமே! இவனுக்குக் கோணக்கோடுதான் வரும். சோளக் கள்ளைப் பார்த்தா இவன் கண்ணு ஒரு இடத்துல நிக்குமா?”

அயாம்கா விரலை ஆட்டினார். “திருட்டுக் கும்பலே! எங்க தாத்தா வீட்டுக் கோழியைத் தின்னே வளர்ந்தவங்கதானே நீங்க? ஊரை மொத்தமா அக்கரைக்குத் தள்ளிவிடுறேன். தவளையோட சேர்ந்து கத்திக்கிட்டுக் கிடங்க!”

“தள்ளேன்! உங்கம்மா உனக்குப் பதிலா ஒரு கழுதையைப் பெத்திருந்தா, விறகாவது சுமந்திருக்கும்!”

அம்மாவையே இழுத்துவிட்டாளே! மான்சா ஓடிப்போய் மண்டியிட்டாள்.

“ஐயா, அவங்க வாய்தான் அப்படி. மனசுல ஒண்ணும் இல்லை. புள்ளைத்தாச்சிங்களை நினைச்சுப் பாருங்கய்யா. கடவுள் பேரால கேக்குறேன்.”

அயாம்காவின் கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் வயிறு குலுங்க அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எழுந்திரு தங்கச்சி. கோடு போன வாரமே முடிவாயிடுச்சு. ஊர் இக்கரையோடதான்.”

மான்சாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “தேவனுக்கு நன்றி! அப்புறம் ஏன்யா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“நான் ஃப்ராஃப்ரா இனம், இவங்க டகாபா. எங்களுக்குள்ள கேலி முறை. எங்க வீட்டுல சாவு விழுந்தா, இவங்க வந்து வாய்க்கு வந்தபடி ஏசிச் சிரிக்க வெச்சாத்தான் துக்கம் ஆறும்.” பெர்பெத்துவா நீட்டிய சுரைக்குடுவையை அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். “போன மாசம் எங்கம்மாவைத் தூரத்து நகரத்துல அடக்கம் பண்ணினேன். அங்கே என்னைத் திட்ட ஒருத்தரும் இல்லம்மா.”