பொங்கலன்று பார்த்த சாட்சி

"எழுபதாம் வருஷம், தைப்பொங்கல், காலைல பத்து மணி. எங்க, திருப்பிச் சொல்லு."

"எழுபதாம் வருசம், தைப்பொங்கலு, காலையில பத்து மணிங்க ஐயா. பங்களா வராந்தாவுல வச்சுப் பெரியய்யா அந்தம்மா கையில பத்தாயிரத்தையும் எண்ணிக் குடுத்தாரு. நான் பார்த்தேன்."

கிளிப்பிள்ளைகூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லாது. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் காத்தாயிக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. குன்னூர் கோர்ட் வாசலில் அடித்த குளிரிலும் முதுகெல்லாம் வியர்வை.

எஸ்டேட் முதலாளி ஏகநாதன் திருப்தியாகத் தலையாட்டினார். அவருடைய அப்பா குடும்ப டிரஸ்ட் பேரில் தனபாக்கியம் என்ற விதவையிடம் வாங்கிய கடன் அது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பணம் திரும்பி வரவில்லை என்று அந்த அம்மாள் டிரஸ்ட் மேல் கேஸ் போட்டுவிட்டாள். திருப்பிக் கொடுத்ததற்குச் சீட்டு இல்லை. அதனால் கண்ணால் பார்த்த ஆள் ஒன்று வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து மாதம் ஒருமுறை எஸ்டேட்டுக்கு வந்துபோகிறவருக்கு, அங்கே குனிந்து நிற்கிற தலையெல்லாம் ஒன்றுதான். இருப்பதிலேயே பயந்தவளைப் பொறுக்கி எடுத்தார். "பங்களா வாசல் கூட்டறவதானே? ரொம்ப வருஷமா இங்கதானே இருக்கே?" என்று அவர் அதட்டியபோது, காத்தாயி எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றாள். நடுங்குகிறவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

"மாத்திச் சொன்னீன்னு வெச்சுக்க, பொழுது சாயறதுக்குள்ள லயத்து வீட்டக் காலி பண்ணோணும். புள்ளத்தாச்சி மகளோட நடுரோட்ல நிக்கோணும்."

காத்தாயி சிலோனில் இருந்த லயத்தைப் பறிகொடுத்து, சட்டிபானையோடு கப்பலேறி வந்தவள். இன்னொரு தடவை அதற்கு அவள் உடம்பில் தெம்பில்லை. கப்பலிறங்கிய நாளிலிருந்து இடுப்பில் செருகியிருக்கும் துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என்ன அது?"

"கடதாசிங்க ஐயா. கவர்மெண்டு எடத்துக்கு இது இல்லாமப் போனா வெரட்டிருவாங்க."

ஏகநாதன் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

டவாலி மூன்று முறை அவள் பேரைக் கூவினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; கோர்ட்டில் கறுப்புக் கோட்டுக்குப் பஞ்சமா? காத்தாயி கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் கூண்டில் ஏறினாள். முன் பெஞ்சில் தனபாக்கியம் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

சத்தியம் வாங்கினார்கள். டிரஸ்ட் வக்கீல் எழுந்தார். "பெரியவர் பணம் கொடுத்ததைப் பார்த்தியாம்மா?"

காத்தாயி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

நீதிபதிக்கே பாவமாகிவிட்டது. "பயப்படாதம்மா. எழுபதாம் வருஷப் பொங்கலன்னிக்கு நீ எங்க இருந்தே? அதை மட்டும் சொல்லு."

அவள் ஏகநாதனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே 'சொல்லு' என்றார். லயத்துக் கதவும் அதில் சாய்ந்து நிற்கிற மகளும் காத்தாயியின் கண்ணில் வந்துபோனார்கள். முடிச்சை அவிழ்த்து, முத்திரை குத்திய கடதாசியை எடுத்து நீட்டினாள்.

"அந்தப் பொங்கலுக்கு நான் இன்னும் கப்பலே ஏறலீங்க, சாமி."