அகராதி எழுதிய சிபாரிசு

அந்த நூலகத்தில் பதின்வயதினருக்கு எதைப் பரிந்துரைப்பது என்பதை அகராதிதான் முடிவு செய்யும். எல்லாச் சொற்களும் அதனிடம் இருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

ஒரு நாள் ஜப்பானியப் படக்கதைத் தொடர் ஒன்றின் முதல் பாகம் அதனிடம் வந்தது.

"ஐயா, நான் மாங்கா. ஊரெல்லாம் எங்களைப் படிக்குது, இங்கே ஒருத்தரும் தொடலை. சனிக்கிழமைக்குள்ள யாரும் எடுக்கலேன்னா பன்னிரண்டு பாகத்தையும் கட்டிக் கிடங்குல போட்டுடுவாங்க. நாலு வரி எழுதிக் கொடுங்க."

"மாங்காய்," என்று திருத்தியது அகராதி. "கடைசி எழுத்தை விழுங்காதே."

பிறகு இடப்பக்க அட்டையைத் திறந்து ஒரே மூச்சில் படித்துவிட்டு, அறிவிப்புப் பலகையில் எழுதியது: 'இறந்த வீரன் எழுகிறான். கற்ற வித்தைகளை ஒவ்வொன்றாக மறந்து, இறுதியில் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போகிறான்.'

"ஐயோ, ஜப்பான் புத்தகத்தை வலப்பக்கத்துலேர்ந்து படிக்கணும்!" என்று அலறியது முதல் பாகம். "முடிவைப் போட்டு உடைச்சிட்டீங்களே!"

"புத்தகம் என்றால் இடப்பக்கத்தில்தான் தொடங்கும்," என்றது அகராதி.

மாலையில் இரண்டு மாணவிகள் பலகையைப் படித்தார்கள்.

"செத்தப்புறமும் ஸ்கூலாடி? அதுலயும் லேட்டா!" என்று சிரித்தாள் யாழ்மொழி.

"கையை எடு, நான்தான் முதல்ல பார்த்தேன்," என்று புத்தகத்தைப் பிடுங்கினாள் மெஹர்.

சனிக்கிழமைக்குள் அதற்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

இரண்டாம் பாகம் தயங்கித் தயங்கி வந்தது. "ஐயா, எனக்கும் அதே மாதிரி தப்பா எழுதிக் கொடுங்களேன்."

"'தப்பு' என் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. எங்களுக்குள் அவ்வளவுதான் பழக்கம்," என்றது அகராதி. "சரி, உன் முதல் பக்கத்தைக் காட்டு."

இரண்டாம் பாகம் தன் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டியது.