கல்லுளிமங்கன்

"எந்தக் கொம்பனா இருந்தாலும் விடாதீங்க, மேடம்!" என்று மேசையைத் தட்டினார் வலைப்பதிவர். தட்டிய வேகத்தில் அவருக்கு இருமலும் வந்துவிட்டது.

தேர்தல் செலவு அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. தேர்தலுக்காக வெளியூரிலிருந்து வந்து இறங்கியவள் அவள். விசாரணை என்றால் ஆளாளுக்கு நழுவப் பார்ப்பார்கள். இவரோ தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளக் கிளம்பியிருக்கிறார்.

கட்சிகளுக்கு உள்ள செலவு விதி பதிவர்களுக்கும் வேண்டும் என்று ஊரைக் கூட்டியவரே அவர்தான். விதி வந்ததும் முதல் ஆளாகத் தன் வரவைக் கொண்டுவந்து காட்டினார். அதில் 'பழைய வாசகர்' என்ற பெயரில் யாரோ மாதம் தவறாமல் பணம் போட்டிருந்தார்கள். பதிவு ஓடியதே அந்தப் பணத்தில்தான்.

"எந்த வேட்பாளர் போட்டிருந்தாலும் அது தேர்தல் செலவு. கணக்குல காட்டலைன்னா போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்க" என்றாள்.

"தூக்கட்டும். என் வாயை யாரும் விலைக்கு வாங்க முடியாது."

அந்த வாயை அவள் நேற்றுதான் கேட்டாள். எழுதியதைத் தன் குரலிலேயே வாசித்துப் போடுகிறவர் அவர். ஒரே ஒரு வேட்பாளரைத்தான் வறுத்தெடுத்தார். 'கல்லுளிமங்கன்' என்று பட்டமும் கட்டியிருந்தார். பழைய வாசகர் அதற்கு ஆகா என்றும் சொல்லவில்லை, அடச்சீ என்றும் சொல்லவில்லை. பணத்தோடு ஒரு வரி மட்டும் எழுதுவார்: 'இருமலுக்கு மருந்து சாப்பிடவும்.'

"பேங்க்ல பேரைக் குடுத்துட்டாங்க. அவரை வரச் சொல்லியிருக்கேன்."

கதவு திறந்தது. உள்ளே வந்தவர் சாட்சாத் அந்தக் கல்லுளிமங்கனேதான். வலைப்பதிவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரியவர் உட்காரவில்லை. வக்கீலையும் கூட்டி வரவில்லை. "நான்தான் போட்டேன். எழுதிக்குங்கம்மா."

"இனிமே நீங்க தேர்தல்ல நிக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

அவளுக்குத் தலை சுற்றியது. "உங்களை நாறடிக்கிறதுக்கு நீங்களே பணம் குடுப்பீங்களா? நீங்க நிறுத்தியிருந்தா அந்தப் பதிவே நின்னுபோயிருக்குமே, சார்!"

சுவர்ப் பக்கமிருந்து மறுபடி இருமல் கேட்டது. பெரியவரின் கை தானாக அந்தப் பக்கம் நீண்டு, பாதியில் நின்றது.

"நின்னுடக் கூடாதுன்னுதாம்மா போட்டேன்" என்றார் பெரியவர். பார்வை மட்டும் சுவர்ப் பக்கமே இருந்தது.

"எம் பையன் குரலை நான் வேற எங்க போய்க் கேக்கறது?"