பன்னிரண்டு நிமிஷம்

“பேட்டரிய மட்டும் பாருங்கம்மா. வேற எதையும் தொட வேணாம்.”

ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சி.பி.யூ.வை மேசைமேல் இறக்கிய பிறகுதான் ஆண்டிச்சாமி முகத்தைத் துடைத்தார்.

“புது கம்ப்யூட்டருங்கிறீங்க. இதுக்குப் போயி யாருண்ணே பேட்டரி பாப்பா?” புதுக்கோட்டையில் பத்து வருஷமாகக் கடை நடத்தும் பரிமளாவுக்குச் சிரிப்பு வந்தது.

“போர்டு பழைய ஸ்டாக்கு, உள்ள இருக்கிற பேட்டரி எப்ப வேணா நின்னுரும்னு ஒருத்தன் சொல்லிட்டான். ரெண்டு நாளாத் தூக்கமில்ல. அது நிக்கக் கூடாது.”

“யாரு அசெம்பிள் பண்ணது?”

“எம் பொஞ்சாதிதான், திலகவதி. பாலிடெக்னிக் படிச்சவ.”

“அப்ப அவங்களே பாத்துருவாங்களே. சட்டைப் பித்தான் அளவு சாமான். ஒங்கள எதுக்கு அலைய விடுறாங்க?”

“அவ வர்ற மாதிரி இல்லம்மா.”

பரிமளா மூடியைக் கழற்றினாள். ஒயர்களையெல்லாம் மஞ்சள் நூலால் பின்னல் போலக் கட்டியிருந்தது. கைகாரிதான் என்று நினைத்துக்கொண்டே ஆன் செய்தாள். திரையில் கடிகாரம் பன்னிரண்டு நிமிஷம் கூடக் காட்டியது. மெஷின் அணைந்திருக்கும்போதும் மணியை ஓட்டுவது அந்தப் பேட்டரிதான்; கோளாறு அதில்தான் என்று முடிவு கட்டினாள்.

ஆண்டிச்சாமி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடியே நின்றார்.

“இப்படி மேலயே நின்னா எனக்குக் கை ஓடாதுண்ணே. போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

மனசில்லாமல் போனார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைத்தாள். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரைதான் இருந்தது. பாவம், இதற்காக மனுஷன் மறுபடியும் பஸ் ஏற வேண்டுமா? பழையதை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். தன் செல்போனைப் பார்த்து மணியும் வைத்தாள்.

ஆண்டிச்சாமி திரும்பி வந்தபோது கையில் அவளுக்கும் ஒரு டீ இருந்தது.

“அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லண்ணே. பழசு சாகக் கெடந்துச்சு, புதுசு போட்டுட்டேன்.”

அவர் திரையின் மூலையையே பார்த்தார். டீயை மேசையில் வைத்துவிட்டு அங்கே விரலை வைத்தார்.

“மணி...”

“பன்னெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுச்சு. சரி பண்ணிட்டேன்.”

“ஓடல. அவ வச்சது. நான் தெனம் எட்டேகால் பஸ்ஸ விட்டுருவேன். ‘ஊருக்கெல்லாம் ஒரு மணி, ஒங்களுக்குத் தனியா ஒரு மணி, இதப் பாத்துக் கெளம்புங்க’ன்னு வச்சா.”

“அம்புட்டுத்தானா? இருங்க, நானே கூட்டி வச்சுத் தாரேன்.”

“நீங்க வச்சா அது ஒங்க மணிம்மா.”

“சரி, வீட்டுக்குப் போனதும் அக்காவையே வைக்கச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை.”

ஆண்டிச்சாமி மேசையில் கிடந்த பழைய பேட்டரியை எடுத்துத் துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

“அவ போயி இன்னையோட நாப்பத்தோரு நாளும்மா. அவ கையால ஓட விட்டதுல, இன்னைக்குக் காலைல வரைக்கும் நிக்காம ஓடுனது அது ஒண்ணுதான்.”