எடை ஏறிய குட்டி

கண் திறக்காத நாய்க்குட்டியின் விலை பூஜ்யம்; நகைக்கடைக்காரருக்கு அது கடை வாசலில் கிடைத்தது. எடை ஏறாவிட்டால் பிழைக்காது என்றார் டாக்டர். புட்டிப்பாலைக் குட்டி தொடவே இல்லை. ஆனாலும் தங்கத் தராசில் தினமும் எடை ஏறியது.

"ஏய், டாக்டர் கூடாதுன்ன மாட்டுப்பாலைத் திருட்டுத்தனமா ஊட்டுறியா?"

"நானா? நீங்கதான்னு நான் நினைச்சேன்," என்றாள் மனைவி.

ஒருவரை ஒருவர் கையும் களவுமாகப் பிடிக்கப் பதுங்கி வந்தவர்கள், மதியம் கதவருகே முட்டிக்கொண்டார்கள். உள்ளே குட்டியின் கூடையில், பரணில் குட்டி போட்டிருந்த வீட்டுப் பூனை படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அது நாய்னு இதுக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

"மெதுவாப் பேசுங்க, காதுல விழுந்துடப் போவுது."

பரணில் மூன்று, கூடையில் ஒன்று. பூனையின் கணக்கில் பிள்ளைகள் ஆக மொத்தம் நான்கு.