மூன்று முறை கூவிய பெயர்

செய்யாத சங்கிலித் திருட்டுக்காக நான்கு வருடம் கோர்ட்டுக்கு அலைந்து, கடைசியில் குற்றமற்றவள் என்று விடுதலையான அமலோற்பவம், பதினாறு வருடம் கழித்து அந்தத் தீர்ப்பின் நகலைக் கேட்டு அதே கோர்ட்டின் ஜன்னலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஆயா வேலை மறுநாளே போயிருந்தது. தலைமையாசிரியை செல்போனில் கோர்ட்டு வழக்குகள் பார்க்கும் இணையதளத்தில் அவள் பெயரைத் தட்டிப் பார்த்திருந்தார். திருட்டு வழக்கு என்று வந்தது. முடிவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அந்தக் கேஸ் கட்டையெல்லாம் எப்பவோ எரிச்சாச்சும்மா. இத்தனை வருஷம் வச்சிருக்க மாட்டாங்க" என்றார் குமாஸ்தா.

"அப்போ போன்ல இருக்கது மட்டும் எரியாதா சார்?"

"அது எங்க கையில இல்ல."

அவள் ஜன்னலை விட்டு வாசலுக்கு வந்தாள். வழக்கு நடந்த நாட்களில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் டவாலி வாசலில் வந்து நின்று அவள் பெயரை மூன்று முறை கூவுவார். எதிர்ச்சாரி டீக்கடை வரை கேட்கும். விடுதலை என்று நீதிபதி முணுமுணுத்தது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

டவாலி நிற்கும் படியில் ஏறினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அமலோற்பவம்! அமலோற்பவம்! அமலோற்பவம்! அவ களவாங்கலன்னு இதே கோர்ட்டுல சொல்லியாச்சு! எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. தூணோரம் நின்ற ஒருவன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, அவள் பெயரைத் தட்டத் தொடங்கினான்.